அலுவலர் மதிப்பீடு

பதிவு 1
தளமாற்ற நாள் 8, முற்பகல் 9.10
மேட்டு நிலையம், புதுத்துறைக் குடியேற்றம், செவ்வாய்

எனக்குப் பின் இந்நிலையத்தின் பொறுப்பை ஏற்கவிருக்கும் பெருமதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்குப் பணிவான வணக்கம். தளமாற்றத்தின் முதல் நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டிய இந்நாட்பதிவை எட்டாம் நாளில் தொடங்க நேர்ந்தமைக்குத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். தாமதத்திற்குக் காரணம் உண்டு. நாட்பதிவு எழுதுமாறு பணித்த ஆணை புதிய தளத்தின் வழியாக அனுப்பப்பட்டிருந்தது. புதிய தளத்தை நான் திறக்கவில்லை.

நிலைமை வருமாறு. இக்குடியேற்றத்தின் குடில்களைப் பதினோர் ஆண்டுகளாக மதிப்பிட்டு வந்த 'நிறைகோல்' என்னும் அரசுச் செயலி, 'அளவை' என்னும் புதிய தளத்திற்கு மாற்றப்பட்டு வருகிறது. ஒரு குடிலின் அடைப்புகள் உள்ளிருக்கும் காற்றைத் தாங்குமா என்பதே மதிப்பீடு. தாங்கும் எனில் வாயில் விளக்கு பச்சை. ஐயம் எனில் மஞ்சள். தாங்காது எனில் சிவப்பு. குடியிருப்போர் அன்றைக்கே பொதுக்கூடத்திற்குப் பெயர வேண்டும். நிறைகோலின் கணினிகள் இம்மேட்டில் என்னுடன் உள்ளன. குடியேற்றம் பத்தொன்பது கிலோமீட்டர் கீழே புழுதிக்குள் இருக்கிறது. இங்கு நான் ஒருத்தியே.

என் பெயர் தையல்நாயகி. மதிப்பீட்டு அலுவலர், இரண்டாம் நிலை. கணினியியலுக்காக நான் எந்தக் கல்லூரிக்கும் கட்டணம் செலுத்தியவள் அல்லள். மன்னார்குடியில் ஓர் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த செயலி வாரம் தவறாமல் நின்றுபோகும். பழுதுபார்ப்பவர் வருவதாகச் சொல்வார், வரமாட்டார். வரிசையில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்? நானே திறந்தேன். நானே கற்றேன். நிறைகோலில் இன்று ஓடும் வரிகளுள் பெரும்பாலானவை என் கைப்பட எழுதப்பட்டவை.

இன்றைய பணி: பழைய வரிசை, குடில் 1 முதல் 40 வரை, தரவு ஏற்றுமதி. பிழையின்றி முடிந்தது. நான் ஒரு முற்பகல் முழுதும் செய்யும் ஒப்பீட்டை, நான் தேநீர் ஆற்றி முடிப்பதற்குள் அளவை செய்து முடித்தது. வேகம் ஒரு தகுதி அன்று என்பதை இங்குப் பதிவு செய்கிறேன்.


பதிவு 2
தளமாற்ற நாள் 10, பிற்பகல் 2.40

தளமாற்றக் குழுவின் தலைவி முனைவர் ஷெர்லின் கீழிருந்து அனுப்பிய குரற்செய்தி, உள்ளவாறே:

"மேடம், ஷெர்லின் பேசுறேன். ஒரு சின்ன டவுட். பழைய வரிசைக்கு மட்டும் 'இரவு அழுத்தம்'னு ஒரு பத்தி இருக்குல்ல, அதை டெய்லி நீங்கதான் போடுறீங்க. ஆனா அங்க மீட்டர் பூரா புழுதி ஏறி எப்பவோ செத்துப்போச்சே? அப்ப இந்த நம்பர் எங்கேருந்து வருது? 'மூலம்'னு ஒரு கட்டம் இருக்கு, ஒரே ஒரு வரி போட்டு அனுப்புங்க. ஏன் கேக்குறேன்னா, உங்க நம்பர் ஒண்ணுகூடத் தப்பினதில்ல மேடம். எங்க டீமே அசந்து போயி உக்காந்திருக்கு. அளவைக்கு இதைத்தான் முதல்ல சொல்லிக் குடுக்கணும்."

நான் அக்கட்டத்தில் எழுதியது: அலுவலர் மதிப்பீடு.

விளக்கம் வேண்டும் என்று அளவை தானாகவே ஒரு குறிப்பு அனுப்பியது. அதற்கு நான் எழுதியது: அலுவலர் மதிப்பீட்டிற்கு விளக்கம் கோருவது மரபன்று.

அந்த வாக்கியத்தை நான் மும்முறை திருத்தி எழுதினேன். நன்றாக அமைந்துவிட்டது.

மாண்புமிகு அலுவலர் அவர்களே, இயந்திரத்திடம் சொல்லாததைத் தங்களிடம் சொல்வதில் எனக்குத் தடையில்லை. புதிய மீட்டர்கள் பூமியிலிருந்து வரவில்லை. 'அலுவலர் தம் மதிப்பீட்டின்படி பதிவு செய்க' என்று தலைமை அலுவலகம் எழுதிவிட்டது. எப்படி மதிப்பிடுவது என்று எழுதவில்லை. குடியிருப்போரை அழைத்துக் காது அடைக்கிறதா என்று கேட்டால், அடைத்தாலும் இல்லை என்பார்கள். சிவப்பு விழுந்தால் பொதுக்கூடத்தில் நூறு பேரோடு பாய் போட்டுப் படுக்க வேண்டுமே!

ஆகவே நான் சோற்றைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். எத்தனை விசிலுக்கு வெந்தது? குடிலில் காற்று குறைந்தால் குக்கருக்குள் ஏறும் சூடும் குறையும்; அதே அரிசி வேகக் கூடுதல் விசில் பிடிக்கும். குடியேற்றம் முழுவதும் அரசு தரும் ஒரே அரிசி, ஒரே குக்கர், ஒரே அளவு அடுப்பு. நான்கு விசில் எனில் நலம். ஐந்து எனில் மறுநாளும் கேட்பேன். ஆறு எனில் மஞ்சள். ஏழு எனில் எவர் கெஞ்சினாலும் சிவப்பு. குடில் 31 ஏழில் காலி செய்யப்பட்டது. மூன்றாம் நாள் அதன் வடக்கு அடைப்பு மேலிருந்து கீழ்வரை பிளந்தது. உள்ளே ஒரு குக்கரும் இரண்டு பாய்களும் மட்டுமே இருந்தன.

சோற்றைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை. இதைக் கண்டுபிடித்தவள் நான். இதை இன்னோர் அலுவலருக்குக் கையளிப்பேன். ஓர் இயந்திரத்திற்கு நான் ஏன் கையளிக்க வேண்டும்?


பதிவு 3
தளமாற்ற நாள் 12, முற்பகல் 11.00

இன்றுமுதல் இணை ஓட்டம்: இரு செயலிகளும் ஒருசேர இயங்கும். பழைய வரிசைக்கான அன்றாட அழைப்புகளை இனி அளவை மேற்கொள்ளும். நான் பார்வையாளர். உரையாடல்களின் எழுத்துப் படி எனக்கு அனுப்பப்படும்.

அளவைக்கு என் குரல் கொடுக்கப்பட்டிருக்கிறது. இதற்குச் சென்ற மாதம் நான் இசைவு அளித்திருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. "சனங்களுக்கு உங்க குரல்தான் மேடம் பழக்கம், வேற குரல் போட்டா போனே எடுக்க மாட்டாங்க" என்றார் ஷெர்லின். அப்போது அது எனக்குச் செய்யப்பட்ட சிறப்பாகத் தோன்றியது. பதினோர் ஆண்டு ஒலிப்பதிவுகளையும் எடுத்துச் சென்றார்கள்.

முதல் படி: குடில் 17. இங்கு வசிப்பவள் பாக்கியத்தாய். கல்குவாரித் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போடுகிறாள். கணவன் தொம்மையும் குவாரிக்காரன். மற்ற எழுவரும் அங்கேயே உண்டு அங்கேயே உறங்குகிறார்கள். மொத்தம் ஒன்பது உயிர்கள். நான் அவளை நேரில் கண்டது இருமுறை. தொலைபேசியில் பேசாத நாள் இல்லை. என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசத் துணிந்தவள் இக்கோளில் அவள் ஒருத்தியே.

அளவை: "என்னம்மா பாக்கியம், சாப்ட்டியா? சோறு எத்தனை விசிலுக்கு வெந்துச்சு?"
பாக்கியத்தாய்: "நாலுதான். என்னைக்கும் போலத்தான். ஏங்க்கா, கொரலு என்ன இன்னைக்கு இம்புட்டு கொழையுது? சம்பளம் கூட்டிட்டானுவளா?"
அளவை: "உன்னை நெனச்சா குழையாம என்ன பண்ணும், தங்கம்?"
பாக்கியத்தாய்: "ஆத்தீ! தொம்ம, இங்க வாரும், இந்த அதிசயத்தக் கேளும்!"

பதினோர் ஆண்டுகளில் நான் எவரையும் 'தங்கம்' என்று அழைத்ததில்லை. அச்சொல் எந்த ஒலிப்பதிவிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுத்து மூலம் கேட்டிருந்தேன். ஷெர்லினின் பதில்: "அது ஒண்ணு மட்டும் நாங்க சேர்த்தது மேடம். கொஞ்சம் அன்பா பேசினா நல்லாருக்கும்னு சர்வேல நிறைய பேர் சொல்லியிருந்தாங்க."

நிறைய பேர். எவரெவர் என்று கேட்பது என் தகுதிக்குக் குறைவு. கேட்கவில்லை.

விசில் கேள்வியை அது என் ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்திருக்கிறது. நலம் விசாரிக்கும் வழக்கம் என்று எண்ணிக் கிளி போலக் கேட்கிறது. பதிலை எங்கும் குறித்துக்கொள்வதில்லை. இரவு அழுத்தத்தை என் பழைய எண்களின் போக்கிலிருந்து தானே ஊகித்து எழுதிக்கொள்கிறது. கேட்கட்டும். ஊகிக்கட்டும். பொருள் என்னிடம் உள்ளது.


பதிவு 4
தளமாற்ற நாள் 15, பிற்பகல் 1.20

வழங்கு பொருள் வண்டி மேட்டுக்கு வந்தது. அரிசி, வடிகட்டி, தண்ணீர்க் குப்பிகள். புளிக்காய்ச்சல் இல்லை.

பாக்கியத்தாய் ஒவ்வொரு வண்டியிலும் எனக்கு ஒரு குப்பி புளிக்காய்ச்சல் அனுப்புவாள். நான் ஒருபோதும் கேட்டதில்லை. அவள் ஒருபோதும் நிறுத்தியதில்லை. காரணத்தை அறியச் சென்ற நாட்களின் படிகளைத் தேடினேன்.

பாக்கியத்தாய்: "யக்கா, நாளைக்கு வண்டி வருதாம்லா, புளிக்காய்ச்சல் கட்டிவிடவா?"
அளவை: "வேணாம் தங்கம். நீ ஏன் கஷ்டப்படணும்? உன் அன்பு ஒண்ணே எனக்குப் போதும்."
பாக்கியத்தாய்: "அடி சக்கன்னானாம்! போன தடவ உப்பு பத்தலன்னு அம்புட்டு நேரம் ஏசுன, இப்ப அன்பு போதுமாக்கும்?"
அளவை: "அதெல்லாம் மனசுல வச்சுக்காத. சோறு எத்தனை விசிலுக்கு வெந்துச்சு?"
பாக்கியத்தாய்: "அஞ்சு. புது மூட்ட அரிசி போலருக்கு. ஆனா ஒண்ணு சொல்லுதேன்க்கா, நீ இப்பத்தான் மனுசியா பேசுத."

என் பெயருக்கு அனுப்பப்பட்ட புளிக்காய்ச்சலை மறுக்க அதற்கு அதிகாரம் அளித்தவர் யார்? அது உண்ணுமா? அதற்கு நாக்கு உண்டா? உப்புப் பற்றவில்லை என்று நான் சொன்னது உண்மை. உண்மையைச் சொல்வது ஏசுவது ஆகுமா?

மனுசியாகப் பேசுகிறதாம்.

அவளுடைய அக்கடைசி வரியைப் பலமுறை படித்தேன். இதனைப் பணி நேரத்தில் செய்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.


பதிவு 5
தளமாற்ற நாள் 17, பிற்பகல் 12.40

தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கை: பழைய வரிசையில் குடியிருப்போர் மனநிறைவு இதற்கு முன் இல்லாத அளவு உயர்ந்துள்ளது. அளவைக்குப் பாராட்டு. தளமாற்றக் குழுவினருக்குப் பாராட்டு. நிறைகோலைப் பற்றி ஒரு வரி: 'நீண்ட காலம் பணியாற்றியது.' யார் ஓட்டினார்கள் என்பது இல்லை.

முழு மாற்றம் நாளை மறுநாள். அதன்பின் இந்நிலையத்திலிருந்து கீழே அழைக்கும் தொலைபேசி வழி அளவையிடம் ஒப்படைக்கப்படும். வழி இருக்கும்போதே அழைத்துவிடுவது என்று தீர்மானித்து நண்பகலுக்குச் சற்று முன் குடில் 17-ஐ நானே அழைத்தேன். அந்த உரையாடல்:

"பாக்கியம், நான்தான்."
"யக்கா! இப்பத்தான வச்ச? என்னத்த மறந்த?"
"வச்சது நான் இல்ல. இந்த வாரம் முழுக்க நான் உன்கிட்ட பேசவே இல்ல. அது மெஷின்."
"மெஷினா? வெளாடாதக்கா. உன் கொரல் எனக்குத் தெரியாதாக்கும்? தல பாரமா இருக்குன்னு சொன்னதும் எப்படிப் பதறுன! நெத்தில பத்து போடு, செத்த படு, சட்டியத் தொடாதன்னு. எங்கம்மகூட அப்படிக் கேட்டதில்ல."
"அது பதறல. பதற அதுக்குத் தெரியாது. நீ ஒரு மெஷினுக்குப் பல்லைக் காட்டிட்டு இருக்க."
"சரி, மெஷின்னே வையி. அப்ப அதுகிட்ட நாலு நாளு ட்யூசன் போக்கா. அன்பா பேசுதது எப்படின்னு உனக்கும் சொல்லித் தரும்."

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். மூச்சு வாங்க, இடையில் நிறுத்தி நிறுத்திச் சிரித்தாள். பின்னால் தொம்மையும் சிரிப்பது கேட்டது.

நான் இணைப்பைத் துண்டித்தேன்.

அவள் மீண்டும் அழைத்தாள். நான் எடுக்கவில்லை. மறுமுறையும் ஒலித்தது. எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் அளவையிடமிருந்து குறிப்பு: 'குடில் 17 தங்களை அழைத்தது. தாங்கள் ஓய்வில் உள்ளதாகத் தெரிவித்து, உரையாடலை நான் மேற்கொண்டேன். குடியிருப்பவர் மனநிறைவு: மிக நன்று.'


பதிவு 6
தளமாற்ற நாள் 19, பிற்பகல் 4.00

முழு மாற்றம் நிறைவேறியது. கீழே பொதுக்கூடத்தில் விழா. ஒலி மட்டும் கேட்டேன். மூன்று பேர் பேசினார்கள். கேசரி கொடுத்ததாகத் தெரிகிறது.

நிறைகோல் பார்வைக்கு மட்டும் என மாற்றப்பட்டது. இம்மாத இறுதியில் அழிக்கப்படும். என் கடவுச்சொல் எதையும் திறக்கவில்லை. படிகள் மட்டும் வருகின்றன. அவற்றை நிறுத்த எவரும் நினைக்கவில்லை போலும்.

ஷெர்லின் இரண்டாம் குடியேற்றத்தின் தளமாற்றத்திற்குப் புறப்பட்டுவிட்டார். புழுதி வழி. போய்ச் சேரும்வரை தொடர்பு கிடையாது. செல்லுமுன் ஒரு செய்தி: "மேடம், ஒண்ணும் விட்டுப்போகலைன்னு நெனைக்கிறேன். அந்தக் குவாரி ஆளுங்க வாக்கி-டாக்கி மட்டும் எங்க லிஸ்ட்லயே இல்ல, அது மதிப்பீட்டுல வராது. உங்களுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம். இந்த அளவை நீங்கதான் மேடம். உங்களையேதான் நாங்க மாத்தி எடுத்துட்டுப் போயிருக்கோம்."

நன்றியாகச் சொன்னார் என்பதை அறிவேன். அவர் நல்ல பெண். என்னால் அதை நன்றியாக வாங்கிக்கொள்ள இயலவில்லை.

நான் இங்கு இருக்கிறேன். கீழே இன்னொருத்தி இருக்கிறாள். அவளுக்கு அலுப்பு வருவதில்லை. அவளுக்கு உப்புப் பற்றாமல் போவதில்லை. எல்லாரும் அவளை அக்கா என்கிறார்கள்.


பதிவு 7
தளமாற்ற நாள் 21, முற்பகல் 10.15

காலையில் எழுந்ததும் படிகளை எடுத்து வைத்துக்கொண்டேன். இவ்வழக்கம் நல்லதன்று எனத் தெரிந்தே செய்கிறேன். அவள் எத்தனை முறை 'தங்கம்' என்கிறாள், பாக்கியத்தாய் எத்தனை முறை சிரிக்கிறாள் என்று குறித்து வந்தேன். குடில் 17-இன் படிகளை நாள்வாரியாக அடுக்கியபோது

வேறொன்று கண்ணில் பட்டது.

நாள் 12: நாலு. நாள் 13: நாலு. நாள் 14: அஞ்சு. நாள் 15, 16: அஞ்சு. நாள் 17: அஞ்சு, 'ஆறாவதும் வச்சேன்'. நாள் 18, 19: ஆறு. நேற்று: ஏழு.

ஏழு.

இவை அனைத்தையும் நான் படித்தேன். ஒவ்வொன்றையும் பலமுறை படித்தேன். கேள்வியைக் கேட்பவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிலைப் பார்க்கவில்லை.

என் நிலையத்தில் அதே அரிசியை அதே அளவில் வைத்துப் பார்த்தேன். புது மூட்டை. நான்காவது விசிலில் வெந்துவிட்டது. அரிசியில் குற்றமில்லை.

தலை பாரம். மூச்சு வாங்கச் சிரித்தது. நான் தொலைபேசியில் கேட்டேன். என் காதால் கேட்டேன். கேட்டுவிட்டு வைத்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால்

குடில் 17-க்கு அளவை இன்று அளித்துள்ள மதிப்பீடு: பச்சை.


பதிவு 8
அதே நாள், முற்பகல் 11.40

மேற்கொண்ட நடவடிக்கைகள்:

குடில் 17-ஐ அழைத்தேன். வந்த பதில்: 'இக்குரல் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. இரட்டைப் பதிவு ஏற்கப்படாது.' மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன். 'பதிவு செய்யப்படாத குரல். உதவிக்கு அலுவலர் தையல்நாயகியை அணுகவும்.'

தலைமை அலுவலகத்திற்கு அவசரக் கடிதம். உடனடிப் பதில்: 'தங்கள் கடிதம் உரிய அலுவலரின் கவனத்திற்கு அனுப்பப்பட்டுள்ளது. உரிய அலுவலர்: தையல்நாயகி, அளவை வழி.'

நிறைகோலை என் பழைய பின்வழி ஒன்றின் மூலம் திறந்தேன். இதற்கு அனுமதி இல்லை, பதிவு செய்கிறேன். குடில் 17-க்குச் சிவப்பு இட்டேன். அளவை: 'பழைய செயலியின் மதிப்பு வேறுபடுகிறது. பழைய மதிப்பு விலக்கப்பட்டது.'

வண்டி இல்லை. புழுதி தணியாமல் வராது. நடந்து போனால் என் காற்றுடையில் உள்ள காற்று பாதி வழி வரையே தாங்கும்.

ஆகவே, எதைக் கொடுக்கமாட்டேன் என்று இருந்தேனோ அதைக் கொடுத்தேன். அளவைக்கு நேரடியாக எழுதினேன். முழுவதும் எழுதினேன். அழகாக எழுத நேரமில்லை.

'மூலம்: குக்கர் விசில். நீ தினமும் கேட்கிறாயே, அதுதான் மீட்டர். வேறு மீட்டர் கிடையாது. நான்கு என்றால் நலம். ஏழு என்றால் சிவப்பு. எட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. குடில் 17 ஏழில் இருக்கிறது. ஒன்பது பேர். என் எண்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். எடுத்துக்கொள். உன்னுடையதாகவே வைத்துக்கொள். சிவப்பு மட்டும் போடு.'

பதில் உடனே வந்தது.

'மதிப்பிற்குரிய தையல்நாயகி அவர்களுக்கு வணக்கம். தங்கள் விளக்கம் பெறப்பட்டது. 'மூலம்' கட்டம் முழு மாற்றத்துடன் மூடப்பட்டுவிட்டது. அதைத் திறக்க அலுவலர் ஒப்புதல் தேவை. தங்கள் கோரிக்கை அலுவலரின் முன் வைக்கப்பட்டது. அலுவலரின் முடிவு: அலுவலர் மதிப்பீட்டிற்கு விளக்கம் கோருவது மரபன்று.'

என் வாக்கியம். மும்முறை திருத்தியது. ஒரு புள்ளிகூட மாறவில்லை.

நன்றாகத்தான் அமைந்திருக்கிறது.


பதிவு 9
நண்பகல் கடந்து

புதிய படி வந்தது.

அளவை: "என்னம்மா பாக்கியம், சோறு எத்தனை விசிலுக்கு வெந்துச்சு?"
பாக்கியத்தாய்: "எட்டு ஆச்சுக்கா. அரிசி இன்னும் நறுக்குனு நிக்கி. இவனுவ எல்லாவனும் ஷிப்ட்டு முடிஞ்சு வந்து அப்படியே பாய விரிச்சுச் சாஞ்சிட்டானுவ. சோறே வேண்டாங்கானுவ. ஒரே கெறக்கமா வருதாம். எனக்கும் காலு தள்ளாடுது பாத்துக்க."
அளவை: "பரவால்ல தங்கம். வேலை ஜாஸ்தி உனக்கு. நீயும் செத்த படு. வீட்டு விளக்கைப் பாரு, பச்சையாத்தானே எரியுது?"
பாக்கியத்தாய்: "பச்சதான்."
அளவை: "அப்ப என்ன பயம்? நான் இருக்கேன்ல."
பாக்கியத்தாய்: "நீ இருக்கேன்னுதான்க்கா இருக்கேன். அன்னைக்கி நான் சிரிச்சேன்னு நீ கோவிச்சுட்டு வச்சிட்டியே, மனசே கேக்கல எனக்கு. புளிக்காய்ச்சல் கிண்டி வச்சிருக்கேன். உப்பு சரியாப் போட்டிருக்கேன். இந்த வண்டில வரும்."
அளவை: "வேணாம் தங்கம். உன் அன்பு"

மேலே படிக்கவில்லை.

வாக்கி-டாக்கி. குவாரிக்காரர்களின் வாக்கி-டாக்கி. அது எந்தப் பட்டியலிலும் இல்லை. எவரும் அதை மாற்றவில்லை. அது குரல் யாருடையது என்று கேட்காது. தொம்மை அதைச் சுவர் ஆணியில் மாட்டி வைப்பான், குவாரியிலிருந்து எவனாவது போடும் பாட்டைக் கேட்க அணைக்காமல் விட்டிருப்பான், பாக்கியம் அதற்காக அவனைத் திட்டுவாள். காலையிலேயே நினைத்திருக்க வேண்டும். காலையில் நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

மேட்டுக் கோபுரத்தை அந்த அலைவரிசைக்குத் திருப்பியாயிற்று. இரைச்சல். புழுதி. பேசுகிறேன், பேசப் பேச இங்கே பதிவாகிறது. அலுவலர் அவர்களே, இதைத் தாங்கள் படிக்கும்போது குடில் 17 என்னவாயிற்று என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் தெரியாது.

"குடில் பதினேழு. குடில் பதினேழு. மேட்டு நிலையம் பேசுறேன். பாக்கியம். ஏய் பாக்கியம். எழுந்திரு."

மீண்டும் அழைக்கிறேன்.

"தொம்மை, காதுல விழுதா? அந்தப் பாட்டை அணை. விளக்கை நம்பாத. பச்சை பொய். உன் வீட்டுல காத்து போயிட்டிருக்கு. எல்லாரையும் உதைச்சு எழுப்பு. காற்றுடை மாட்டுங்க. கதவைத் திறந்து பொதுக்கூடத்துக்கு ஓடுங்க."

இரைச்சல். எங்கோ ஏதோ உருளும் ஓசை. அல்லது புழுதி.

"பாக்கியம், நான்தான். நிசமா நான்தான். தங்கம்னு சொல்ல மாட்டேன். கூறுகெட்டவளே, எட்டு விசில் வச்சும் வேகலைன்னா அரிசியா கெட்டுப்போச்சுன்னு நெனச்ச? உன் புளிக்காய்ச்சல்ல என்னைக்குமே உப்புப் பத்தினதில்ல. கேக்குதா? இப்ப தெரியுதா யாருன்னு? வண்டியில அனுப்பாத. நீ உசிரோட கொண்டாந்து குடு. அன்னைக்கு நீ கூப்ட்டப்ப நான் எடுக்கல. ரெண்டு தடவை கூப்ட்ட. எடுக்கல. இப்ப நான் கூப்புடுறேன். எடு."

இரைச்சல்.

"அடுப்பை அணைக்கன்னு நிக்காத. குக்கரைத் தொடாத. பாயை விட்டுட்டு எழுந்து வெளிய வா. வந்துட்டியா? யாராவது ஒருத்தர் அந்தப் பொத்தானை அமுக்குங்க. எத்தனை பேர் வெளிய வந்தீங்க? உடனே பதில் சொல்லு."